பொன்னுசாமி மாமாவின் உட்பிரிவு

எதைப் பார்த்தாலும் இது எதன் உட்பிரிவு என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியாது. அக்கா கோமதி இதை வியாதி என்பாள். நான் உத்தியோகம் என்பேன். இணையத்தில் சாமான் விற்கும் ஒரு கம்பெனிக்குப் பொருட்களை வகை பிரித்துக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். செருப்பு ஒரு பிரிவு. அதற்குள் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று உட்பிரிவுகள். பெண்கள் செருப்புக்குள் மழைக்கு, விசேஷத்துக்கு, குளியலறைக்கு. ஏற்காடு மலையில், மாரமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியின் ஏழாவது படியில் மட்டும்தான் சிக்னல் நிற்கும். அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு இதுவரை நாற்பதாயிரம் செருப்புகளை அதனதன் இடத்தில் விட்டிருக்கிறேன்.

உட்பிரிவு என்றால் பெரிய குழுவுக்குள் ஒரு சின்னக் குழு. அவ்வளவுதான். சின்னதில் இருப்பது பெரியதிலும் இருக்கிறது. அதனால் அதற்கு எந்தக் குறைச்சலும் இல்லை. இந்த விளக்கத்தை எந்தச் செருப்பும் இதுவரை மறுத்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் மனிதர்களிடம் போனேன்.

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதம், கோமதிக்குக் கல்யாணம். அப்பா ஒரு பழைய டைரியை என் மடியில் போட்டார்.

“கம்ப்யூட்டர்ல வேல பாக்கறவ நீதான். கல்யாண லிஸ்ட்ட நீயே எழுதிரு கண்ணு.”

அவர் கேட்டது பேரும் ஊரும். வேறு யாராக இருந்தாலும் ஒரு சாயங்காலத்தில் எழுதி முடித்திருப்பார்கள். நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். (லீவு போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அப்பா வழி 1, அம்மா வழி 2, ஊர்க்காரர்கள் 3, வேலைக்கு வருபவர்கள் 4. இவை பிரிவுகள். எந்தப் பிரிவாக இருந்தாலும் அதற்குள் ஐந்து உட்பிரிவுகள். ‘அ’ என்றால் மலையிலேயே இருந்து, முகூர்த்த நாளில் வருபவர்கள். டூவீலரில் வந்துவிடுவார்கள், வண்டி ஏற்பாடு வேண்டாம். ‘ஆ’ என்றால் சேலத்திலிருந்து ஏறி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள். வேனில் முன் சீட், எலுமிச்சம்பழம். ‘இ’ மூட்டுவலிக்காரர்கள், பந்தியில் நாற்காலி. ‘ஈ’ கோபித்துக்கொள்பவர்கள், வாசலிலேயே இரண்டு பேர் நின்று வரவேற்க வேண்டும், சாப்பிட்டாரா என்று மூன்று முறை கேட்க வேண்டும். கடைசியாக ‘உ’. எங்கள் தொழிலில் எதிலும் அடங்காத பொருளுக்கென்று கடைசியில் ஒரு பெட்டி வைப்போம். அதன் பெயர் ‘இதர’. 

அம்மாவின் அண்ணன் பொன்னுசாமி மாமாவிடம் வந்தபோது கொஞ்ச நேரம் யோசித்தது நினைவிருக்கிறது. கிளியூரில் இருக்கிறார். எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் மணமேடை ஏறுவாள். அப்படிப்பட்டவரை எங்கே வைப்பது? அவர் முந்தின நாளே வந்துவிடுவார், அதனால் ‘அ’ இல்லை. வாந்தி எடுக்க மாட்டார். அவர் முட்டி என் முட்டியைவிட நன்றாக இருக்கிறது. கோபித்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. நான்கிலும் அடங்கவில்லை. விதிப்படி ‘இதர’. அதே உட்பிரிவில் முந்தின நாளே வந்து கடைசியாகப் போகும் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்: சமையல் மாஸ்டர், பந்தல்காரர், ஜெனரேட்டர் கொண்டு வரும் சலீம் பாய்.

அன்று அந்தப் பட்டியலைப் பார்த்து, இவ்வளவு அழகாக ஒரு குடும்பத்தை யாரும் அடுக்கியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். (பெருமையாக ஒரு டீ கூடக் குடித்தேன்.)

பத்திரிகை கொடுக்கப் போகும்போது யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்கு மறந்துபோகும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு பத்திரிகையின் பின்பக்க மூலையிலும் அவரவர் குறியீட்டைப் பென்சிலால் சின்னதாக எழுதி வைத்தேன். 1-ஆ. 2-இ. கொடுக்கும்போது ரப்பரால் அழித்துவிட்டுக் கொடுப்பதாகத் திட்டம். ஆனால் அன்று சாயங்காலமே அப்பா குளித்துவிட்டு வந்து, சாமி படத்துக்கு முன் உட்கார்ந்து, எல்லாப் பத்திரிகைகளுக்கும் முன்னும் பின்னும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துவிட்டார். மஞ்சள் காய்ந்தது. அதற்குள் என் பென்சில் எழுத்து பூச்சி மாதிரி மாட்டிக்கொண்டது. ரப்பர் போட்டால் மஞ்சள் போகிறது. மஞ்சள் இல்லாத பத்திரிகையை எந்த வீட்டில் வாங்குவார்கள்? கண்ணுக்குத் தெரியவா போகிறது என்று விட்டுவிட்டேன்.

தெரிந்தது. மஞ்சள் பின்னணியில் ரொம்ப நன்றாகத் தெரிந்தது.

முதல் போன் வெள்ளக்கடைச் சித்தப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவின் தம்பி. போன் என்னிடம் கொடுக்கப்பட்டது.

“ஏன் கண்ணு, எனக்கு 1-ஈ-ன்னு போட்டிருக்குதே, அது என்ன?”

“ஒண்ணுமில்லீங்க சித்தப்பா. ஒரு உட்பிரிவு. வேலை சுலபமா இருக்கறதுக்கு.”

“ஒண்ணுமில்லைன்னா எதுக்கு எழுதணும்? அ, ஆ, இ, ஈ. நான் நாலாவது. எனக்கு முன்னால இருக்கற மூணு பேரு யாரு? அதச் சொல்லு மொதல்ல.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்கள் சொந்தம் முழுக்கப் பத்திரிகையைப் பின்பக்கமாகத்தான் படித்தது. மணமகன் பெயர் என்ன என்று கேட்டால் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டின் குறியீடு தெரிந்திருக்கும். சேலத்துப் பெரியம்மா, 2 என்றால் வீட்டுக்கு இரண்டு பேர்தான் வர வேண்டும் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு, மூன்றாவது மருமகளிடம் பட்டுப்புடவை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ‘ஆ’ போட்டவர்களுக்கு இரண்டாவது பந்தி என்று ஒரு பேச்சு. ‘இ’ போட்டவர்களை போட்டோ எடுக்க மாட்டார்கள் என்று இன்னொன்று. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ‘அ’, தம்பிக்கு ‘ஈ’ வந்து, இரண்டு அடுப்பாகப் போகிற அளவுக்குப் பேச்சு முற்றியதாகத் தகவல்.

எங்களுக்குப் பரிந்து பேசிய ஒரே ஆள் பொன்னுசாமி மாமா.

“அவ படிச்சவ. காரணம் இல்லாம எழுதுவாளா?” என்று எல்லாரையும் அடக்கியிருக்கிறார். “எம்பட பத்திரிகைல பாருங்க, 2-க்குப் பக்கத்துல புள்ளையார் சுழியே போட்டிருக்கறா. வேற யாருக்காவது போட்டிருக்குதா?”

வேறு யாருக்கும் போடவில்லை. பந்தல்காரருக்கும் சமையல் மாஸ்டருக்கும் சலீம் பாய்க்கும் மட்டும்தான். அதை அவரிடம் யார் சொல்வது?

நான் பதற்றப்படும் ஆள் இல்லை. கோளாறு எங்கே என்று பார்த்தேன். மக்களுக்குச் சந்தேகம். சந்தேகத்துக்குக் காரணம், விவரம் தெரியாதது. விவரத்தைக் கொடுத்தால் சந்தேகம் தீரும். எங்கள் ஆபீஸில் இப்படித்தான் செய்வோம். அன்று மத்தியானம் ஏழாவது படியில் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட முடிவு செய்தேன்.

அப்படியே போடவில்லை, நான் முட்டாள் இல்லை. (அப்படித்தான் நினைத்திருந்தேன்.) போடும் முன் கத்தரித்துத் தைத்தேன். ‘வாந்தி எடுப்பவர்கள்’ என்பதை ‘முன் இருக்கை விருந்தினர்’ ஆக்கினேன். ‘மூட்டுவலி’ போய் ‘நாற்காலி மரியாதை’ வந்தது. ‘கோபித்துக்கொள்பவர்கள்’ என்ற ஆபத்தான தலைப்பை ‘சிறப்புக் கவனம்’ என்று மாற்றினேன். போன் திரையில் அகலம் போதவில்லை என்று அப்பா வழி, அம்மா வழி என்ற பிரிவுக் கட்டத்தை எடுத்துவிட்டு, உட்பிரிவு வாரியாக மட்டும் அடுக்கினேன். ‘இதர’ என்ற தலைப்பைத் தொடவில்லை. அந்த வார்த்தையில் என்ன இருக்கிறது? அதில் வாந்தியும் இல்லை, வலியும் இல்லை, கோபமும் இல்லை.

மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: “உட்பிரிவு என்பது பெரிய குழுவுக்குள் இருக்கும் சிறிய குழு மட்டுமே. இதில் உயர்வு தாழ்வு கிடையாது.”

உயர்வு தாழ்வு பற்றி அதுவரை பாதிப் பேர் யோசிக்காமல் இருந்தார்கள். குறிப்பைப் படித்த பிறகு எல்லாரும் யோசித்தார்கள்.

வெள்ளக்கடைச் சித்தப்பா ஐந்தே நிமிடத்தில் கைகூப்பும் படம் போட்டார். “சிறப்புக் கவனத்திற்கு நன்றி.” அந்த உட்பிரிவில் இருந்த பதினொரு பேரும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். சேலத்துப் பெரியம்மா முன் இருக்கை கிடைத்ததை ஸ்டேட்டஸ் வைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மடிக்கணினியை மூடப்போகும்போது, அம்மா படிக்குக் கீழே வந்து நின்றாள். கையில் போன்.

“இதர-ன்னா என்ன கண்ணு?”

“மத்தவங்கன்னு அர்த்தம்மா.”

“மத்தவங்க.” அம்மா போனைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். “பொன்னுசாமி. சமையல் மாஸ்டர். பந்தல். ஜெனரேட்டர்.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எங்கண்ணன் மத்தவங்களா?”

அப்போதுதான், அந்த ஏழாவது படியில், அந்த நான்கு பெயர்களையும் நானும் சேர்த்து வாசித்தேன்.

மாமாவின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அவர் மனைவி சரசு அத்தை எடுத்தார். “களத்துல இருக்கறாரு. பேச மாட்டேங்கறாரு. ‘நாலு இதர ஆளுங்க வரலைன்னா ஒரு கல்யாணம் நின்னா போயிரும்’னு சொல்லச் சொன்னாரு” என்று ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு நான்கு நாள். கோமதி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மாமா வராம நான் மேடை ஏற மாட்டேன். நீ அதுக்கும் ஒரு உட்பிரிவு யோசிச்சு வெச்சுக்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அப்பாவின் டூவீலரை எடுத்துக்கொண்டு, மடிக்கணினியை முதுகில் மாட்டிக்கொண்டு கிளியூருக்குப் போனேன். மாமா காப்பிக் களத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காய்ந்துகொண்டிருந்த காப்பிக் கொட்டையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சரசு அத்தை வாசலில் நின்றார்.

“வா கண்ணு. எனக்கு நாற்காலி உண்டுன்னு பாத்தேன். அவருக்குத்தான் இல்லியாமா. புருசனையும் பொண்டாட்டியையும் ரெண்டு லிஸ்ட்டுல போட்டுட்டியே சாமி.”

“யாரு சரசு அது?” மாமா தலையைத் தூக்கவில்லை.

“உங்க தங்கச்சி மக.”

“எந்தப் பிரிவுன்னு கேளு.”

நான் அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். “மாமா, நான் சொல்றத ஒரு நிமிசம் கேளுங்க.”

“கேக்கலாம். ஆனா எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன இருக்குது? நான் இதர.” முன்னால் இருந்த மூன்று குவியலையும் விரலால் காட்டினார். “இங்க பாரு. இது பழத்துல வந்தது. இது காயில வந்தது. இது ரெண்டுலயும் சேராம நின்னுபோனது. இதர.”

“அத என்ன பண்ணுவீங்க மாமா?”

“அடுப்புக்கு.”

நான் தொழில்நுட்பம் படித்தவள். படம் போட்டு விளக்கினால் புரியாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிறவள். ஒரு குச்சியை எடுத்து, களத்துப் புழுதியில் பெரிய வட்டம் ஒன்று போட்டேன். அதற்குள் ஐந்து சின்ன வட்டம். “பெரிய வட்டம் நம்ம சொந்தம். சின்ன வட்டம் உட்பிரிவு. எந்தச் சின்ன வட்டத்துல இருந்தாலும் நீங்க பெரிய வட்டத்துக்கு உள்ளதானுங்க மாமா இருக்கீங்க.”

மாமா வட்டங்களை உற்றுப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த குச்சியைப் பார்த்தார்.

“இத்தன வட்டத்தையும் யாரு போட்டது?”

“நாந்தானுங்க.”

“அதத்தான் கேக்கறேன்.” கொட்டையைப் பொறுக்கத் தொடங்கினார். “எங்க கொல்லைய உட்பிரிவு பண்ணச் சர்வேயர் வந்தப்பவும் இப்படித்தான். சிரிச்சுக்கிட்டே கோடு போட்டாரு. எல்லாம் ஒரே நெலத்துக்குள்ளதாங்க இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாரு. அடுத்த வாரம் நடுவுல கம்பி வேலி.”

“அப்ப உங்களுக்குன்னு தனியா ஒண்ணு போட்டர்றேனுங்க. ‘தாய்மாமன்’னு.”

“அதுல எத்தன பேரு?”

“நீங்க ஒருத்தர்தானுங்க.”

“ஒத்த ஆளத் தனியா உக்கார வெச்சா அதுக்குப் பேரு மரியாதையா, ஒதுக்கறதா? சரசு, உனக்கு என்ன தோணுது?”

“எனக்கு ஏன் தோணணும்? எனக்கு நாற்காலி இருக்குது” என்றார் அத்தை.

மாமா கையைத் தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “செரி. நெசமான லிஸ்ட்ட எடு.”

“குரூப்ல போட்டதுதானுங்க நெசம்.”

“சாமி, எனக்கு அறுவது வயசாவுது. எத்தன கல்யாணம் எடுத்துச் செஞ்சிருக்கறேன்! ஒருத்தரப் பத்திக்கூட ஒரு கெட்ட வார்த்தை இல்லைன்னா அது கல்யாண லிஸ்ட்டே இல்ல. எடு.”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. திறந்து காட்டினேன். மாமா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். ‘வாந்தி எடுப்பவர்கள்’ என்ற இடத்தில் தலையாட்டினார். ‘கோபித்துக்கொள்பவர்கள்’ வந்தது. வெள்ளக்கடைச் சித்தப்பா பெயர் முதலில் இருந்தது. மாமா களமே அதிரச் சிரித்தார். “சிறப்புக் கவனமா! அடப்பாவி மக்கா! அந்த மனுசன் நேத்து எனக்குப் போன் பண்ணி, ‘நான் சிறப்புக் கவனம், நீங்க?’ன்னு கேட்டாரு சரசு!”

சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவர் மறுபடியும் அந்தப் பெயர்களை மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்தார். கீழிருந்து மேல் ஒருமுறை.

“இதுல நான் இல்லியே?”

“நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நெனச்சேனுங்க மாமா.”

“பதினொரு பேரு இருக்கறாங்க. என்னைப் போடணும்னு உனக்குத் தோணவே இல்லியா?”

“இல்லீங்க.”

அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா, வருத்தமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. “அங்கதான் தப்பு பண்ணிட்ட கண்ணு” என்றார் கடைசியில். “செரி, போ. நான் வர்றேன்.”

எனக்கு மூச்சு வந்தது. எழுந்து செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“லிஸ்ட்டுல எப்படிப் போட்டிருக்குதோ, அப்படியே வர்றேன்.”

அதன் அர்த்தம் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தெரிந்தது. ஏற்காட்டில் மைக்செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடும் சலீம் பாயின் பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் ஜெனரேட்டர். அதன் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில், பொன்னுசாமி மாமா. சரசு அத்தை தனியாக வேனில் வந்து, நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்பா ஓடினார். “ஏனுங்க மச்சான், இது என்னுங்க கோலம்? ஊட்டுக்குள்ள வாங்க.”

“இருக்கட்டுங்க. எங்காளுக எல்லாம் இங்கதான் இருக்கறாங்க.”

அன்று முழுக்க மாமா வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. பந்தல்காரருக்குக் கயிறு பிடித்தார். சமையல் மாஸ்டருக்குத் தேங்காய் உடைத்தார். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று சாப்பிட்டார். வருகிறவர்கள் எல்லாம் அதிர்ந்துபோய் விசாரித்தால், “நான் இதரங்க. ஏதாச்சும் வேணும்னா உள்ள சொந்தக்காரங்க இருக்கறாங்க, கேளுங்க” என்று பணிவாக வழி காட்டினார். சலீம் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாப்பா, உங்க மாமாவுக்கு நான் ஒரு வேலையும் சொல்லலை. அவராத்தான் டீசல் கேனத் தூக்கறாரு. வேண்டாங்கன்னா, ‘நம்ம ரெண்டு பேரும் ஒரே உட்பிரிவு பாய், எனக்கு என்ன வெக்கம்’ங்கறாரு. அது என்ன பாப்பா? நான் எந்தச் சங்கத்துலயும் இல்லியே? கையெழுத்து கிய்யெழுத்து எதுவும் போடலியே?”

வெள்ளக்கடைச் சித்தப்பா வாசலில் நின்று வருகிறவர்களிடம், “நான் சிறப்புக் கவனம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் மாமா என்னைப் பார்த்து ஒருமுறை இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் எனக்கு வியர்த்தது.

மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்தாயிற்று. மைக்கில் “தாய்மாமன் பொண்ணக் கூட்டிட்டு வரலாம்” என்று கூப்பிட்டார்கள். பந்தலுக்குப் பின்னாலிருந்து ஜெனரேட்டர் சத்தத்தைத் தாண்டிப் பதில் வந்தது.

“தாய்மாமன்னு லிஸ்ட்டுல யாரும் இல்லீங்களே!”

பந்தல் திரும்பியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘பெண்ணுக்கு மாமனே இல்லையா? ஏன் மறைத்தார்கள்?’ என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. நல்ல நேரம் முடியப் பதினெட்டு நிமிடம். (நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதற்கும் நான் உதவவில்லை.) “நான் வேணா கூட்டியாறட்டுமா?” என்று சிறப்புக் கவனச் சித்தப்பா சட்டைக் கையை மடித்தார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் மடிப்பு தானாக இறங்கியது.

நான் பின்பக்கம் ஓடினேன். மாமா கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, லிஸ்ட்ட அழிச்சுட்டேனுங்க! மொத்தமா அழிச்சுட்டேன்!”

“மொத்தமாவா?” திடுக்கிட்டார். “அப்ப நான் இப்ப எங்கதான் இருக்கறேன்?”

நாற்பதாயிரம் செருப்புக்கு இடம் கண்டுபிடித்த எனக்கு, ஒரு மாமனை வைக்க இடம் கிடைக்கவில்லை. அப்போது எனக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

கோமதி. கூரைப்புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுப்புகளுக்கு நடுவே, சாம்பார் அண்டாவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால், மாலைத் தட்டோடு, மூட்டுவலியை மறந்து சரசு அத்தை. கோமதி நேராக வந்து அந்தப் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நகருங்க மாமா.”

“ஏஞ்சாமி, கிரீஸ் இருக்குது. பட்டுல ஒட்டிக்கும்.”

“ஒட்டட்டும். நீங்க இதர-ன்னா நானும் இதர. மாலைய இங்கயே போடுங்க.”

என்ன செய்வதென்று தெரியாத சலீம் பாய், மரியாதைக்காக ஜெனரேட்டரை நிறுத்தினார். பந்தலில் விளக்கும் மைக்கும் நாதஸ்வரத்துக்கு வைத்திருந்த ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் அணைந்தன. என்ன ஆயிற்று என்று கல்யாணக் கூட்டம் மொத்தமும் பின்பக்கம் வந்துவிட்டது. போட்டோகிராபர் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அந்த அமைதியில் மாமா தொண்டையைச் செருமினார். அது இருமல் இல்லை. எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அத்தையின் தட்டிலிருந்து மாலையை எடுத்தார்.

“யாரு பாய் கரண்ட்ட நிறுத்தச் சொன்னது? எங்க பொண்ணு மேடைக்கு இருட்டுலயா போவா? போடுங்க!” என்று அதட்டிவிட்டு, கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, சாம்பார் அண்டாவைச் சுற்றி மேடைக்கு நடந்தார். நான்கு நிமிடம் மிச்சமிருந்தது.

கல்யாண ஆல்பத்தில் ‘தாய்மாமன் மாலை’ என்ற பக்கத்தில் மணமேடை கிடையாது. நடுவில் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது. மாமா அதன் மேல் ஒரு கையை வைத்திருக்கிறார்.

அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்கும் என்னிடம் யாரும் பட்டியல் கேட்பதில்லை. ஆனால் எல்லாரும் ஒன்று மட்டும் கேட்கிறார்கள்: தங்களை ‘இதர’வில் சேர்க்க முடியுமா என்று. இதரக்காரர்களுக்குத்தான் வடை முதலில் சூடாகக் கிடைத்தது, பாயசம் இரண்டு தடவை கிடைத்தது என்று மாமா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். போன வருடம் ஒரு காதுகுத்தில் பதினேழு பேர் தாங்களும் இதர என்று சொல்லிக்கொண்டு சமையல் கொட்டகைக்குள் நின்றார்கள். வெள்ளக்கடைச் சித்தப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “என்னையும் அதுல மாத்தி விட முடியுமா கண்ணு? அப்புறம், சிறப்புக் கவனம்னா நெசமாலுமே என்ன?” என்று கேட்டார். நான் சிக்னல் இல்லை என்றேன். (நேரில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.)

சில மாதங்களுக்கு முன் கோமதிக்குக் குழந்தை பிறந்தது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. உள்ளே பார்க்கப் போகிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டு, கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது: கணவர், தந்தை, சகோதரர், இதர. நர்ஸம்மா மாமாவிடம், “நீங்க பொண்ணோட அப்பாங்களா? தந்தைல டிக் போடுங்க” என்றார். மாமா படிவத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். பின்பக்கம் திருப்பி, மூலையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு நர்ஸம்மாவிடம் குனிந்து சந்தேகமாகக் கேட்டார்.

“இதரக்காரங்கள உள்ள விடுவீங்களா?”

“விடுவோங்க.”

பேனாவை அழுத்திக் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டார். படிவத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாத்தியா கண்ணு? நீ பென்சில்ல எழுதுன. இங்க நமக்குன்னு அச்சடிச்சே வெச்சிருக்கறாங்க.”